பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர்

டீக்கடைப் பலகையில் யாரோ வைத்த கைபேசி, கண்ணாடி டம்ளரில் கரண்டி பட்டதுபோல ஒருமுறை ஒலித்து அடங்குகிறது. என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போகிறது. என்னுடையதில்லை. மாதத்தின் முதல் வாரத்தில் அந்த ஒலி இனி எனக்கு வராது என்று எனக்குத் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நான்கு வருடம் வந்துகொண்டிருந்தது. என் மனைவி ரேஷன் கடையில் பொருள் வாங்கிய மறுநிமிடம் எனக்குக் குறுஞ்செய்தி வரும், குடும்ப அட்டையில் பதிந்திருந்தது என் எண் என்பதால். அரிசி, சர்க்கரை, பருப்பு ஒரு கிலோ, பாமாயில் ஒரு லிட்டர். அனுப்புவது அரசாங்கம். நான் அவள் எழுதியதாகவே வாசித்தேன். வேறு கடிதம் எங்களுக்குள் இல்லை.

நாங்கள் சண்டை போட்டுப் பிரியவில்லை. காரணம் என் கால். திருப்பூரில் ஆறு மாதம், கோவையில் ஒரு வருடம், பிறகு ஓசூர். ஒவ்வொரு முறையும் திண்டுக்கல்லுக்குத் திரும்பும்போது வீட்டில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். கடைசியாகத் திரும்பியபோது அவளே இல்லை. அகரத்தில் தன் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, சம்பங்கித் தோட்டத்தில் பூப்பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள். வக்கீல், கோர்ட் என்று இருவருமே நடக்கவில்லை. அட்டை அவளிடம், எண் என்னிடம். எங்கள் பாகப்பிரிவினை அவ்வளவுதான்.

பேருந்து நிலையத்தின் பின்னால் ஒரு வாடகை அறையில் இருந்துகொண்டு அந்தச் செய்திகளை நான் வாசித்த விதத்தை வெளியே சொல்ல முடியாது. பருப்பு இல்லாத மாதத்தில், கடையில் இருப்பு இல்லையா, அவளால் வரிசையில் நிற்க முடியவில்லையா என்று யோசிப்பேன். ஒரு தீபாவளிக்குக் கோதுமை வாங்கியிருந்தாள். அவளுக்குச் சப்பாத்தி பிடிக்காது. பிறகு யாருக்கு? மூன்று நாள் அந்தக் கோதுமையைச் சுமந்துகொண்டு ஊரெல்லாம் அலைந்தேன். இன்னொரு மாதம் செய்தியே வரவில்லை. பத்தாம் தேதி தாண்டியதும் பஸ் ஏறி அகரம் போய், ஒரு பூக்கடைக்கு எதிரே நின்றேன். தோளில் பையோடு அவள் நடந்து போனாள். நடை சரியாக இருந்தது. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

பிறகு ஒரு முற்பகல், இதே டீக்கடைத் தொலைக்காட்சியில் சட்டசபைச் செய்தி ஓடியது. கணவரைப் பிரிந்து தனியே வாழும் பெண்கள் தனிக் குடும்ப அட்டை பெறுவது எளிதாக்கப்படும் என்று அமைச்சர் வாசித்தார். மேசை தட்டும் ஓசை கேட்டது.

“ஏப்பு, இனிமே பொம்பளைக கோவிச்சுக்கிட்டுப் போகையில ரேஷன் கார்டும் தனியாப் போயிரும்” என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். “அரிசியும் போச்சு, ஆக்குறவளும் போச்சு!”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

அந்த வாரமே அவள் அழைத்தாள். நான்கு வருடத்தில் முதல்முறை.

“நாந்தான். அகரத்துப் பள்ளிக்கூடத்துல சத்துணவு சமையலுக்கு ஆள் எடுக்கப்போறாங்களாம். அந்த ஊரு அட்ரஸ்ல எனக்குன்னு கார்டு இருக்கணும். இந்த வருசம் விட்டா வயசு தாண்டிரும். மொதல்ல ஒங்க கார்டுலருந்து எம்பேர நீக்கணுமாம். ஓடிபி ஒங்க போனுக்குத்தான் வரும். செத்த நேரம் வந்துட்டுப் போறீங்களா?”

“எப்ப வரணும்?”

“திங்கக்கெழம வேணாம், மனுக் குடுக்க வர்ற கூட்டம் அம்மும். செவ்வாக்கெழம கலெக்டர் ஆபீஸ் இ-சேவைக்கு வாங்க.”

இ-சேவை மையத்து வாசலில் எனக்கு முன்பே வந்து நின்றாள். காதோரம் நரைத்திருந்தது. பக்கத்தில் நின்றபோது சம்பங்கி வாசம் வந்தது. தலையில் பூ இல்லை, விரல்களில் இருந்தது வாசம்.

கணினிக்கு முன்னால் இருந்த பெண் தலைநிமிராமல் கேட்டாள்: “பேர் நீக்கத்துக்குக் காரணம் என்னன்னு போடட்டும்க்கா? இறப்பா, திருமணமா? அம்புட்டுப் பேரும் இந்த ரெண்டுக்குத்தான் வாராங்க.”

“கல்யாணம் ஆனதுனாலதான் வந்துருக்கேன். ஆனா அதப் போட முடியாதுல்ல?” என்றாள் என் மனைவி.

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். “கீழ ‘புதிய அட்டை’ன்னு ஒண்ணு இருக்கு, அதத் தட்டிர்றேன். சார், ஓடிபி வரும், சொல்லுங்க. பத்து நிமிசந்தான் நிக்கும்.”

என் சட்டைப்பைக்குள் கரண்டி டம்ளரைத் தட்டியது. எடுத்துப் பார்த்தேன். எண்கள் வரிசையாக நின்றன.

“இன்னும் வரல” என்றேன்.

என் மனைவி என் கையிலிருந்த கைபேசியைப் பார்த்தாள். பிறகு முகத்தை. “உள்ள டவர் கெடைக்காது. வாங்க, வெளிய நின்னு பாப்போம்.”

வண்டிகள் நிறுத்தும் இடத்தில் கொஞ்சம் வேப்பமர நிழல் இருந்தது.

“வந்துருச்சுல்ல?”

“வந்துருச்சு.”

“பெறகு என்ன?”

மாதாமாதம் வரும் செய்தியைப் பற்றிச் சொன்னேன்.

“தெரியும். பில்லுப் போடும்போதே கடைக்காரரு சொல்வாரு, ‘ஒங்க வீட்டுக்காரருக்குப் போயிருச்சும்மா’ன்னு.”

“நம்பரை மாத்தியிருக்கலாமே.”

“போகட்டும்னுதான் விட்டு வச்சேன்.”

அதற்கு மேல் என்னால் அடக்க முடியவில்லை. “ஒரு தீவாளிக்குக் கோதும வாங்குனியே, யாருக்கு?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அடப்பாவி மனுசா! அண்ணனுக்குச் சுகர் வந்துருச்சு. அதுக்குத்தான் அகரத்துக்கு வந்து நின்னீங்களா?”

“அது வேற மாசம். மெசேஜே வரல.”

“மிஷினு ரிப்பேரு. நீங்க பூக்கடைக்கு எதுத்தாப்ல நின்னதப் பாத்தேன்.”

“கூப்புட்டிருக்கலாம்ல?”

“நீங்க கூப்புட்டிருக்கலாம்ல?”

ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போக இருவரும் ஒதுங்கி வழிவிட்டோம். பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள்: “எனக்கு இந்த வேல வேணும். இருட்டோட எந்திரிச்சுக் குனிஞ்சு குனிஞ்சு பூப் பறிக்க இனி முதுகு கேக்காது. நீங்க சொல்லலைன்னாலும் தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்தா விசாரிச்சுக் குடுப்பாங்களாம். சட்டசபையிலதான் சொல்லிட்டாங்களே. ஆனா ஒங்க வாயால சொல்லி முடிஞ்சா நல்லாருக்கும்னு நெனச்சேன்.”

நான் இல்லாமலும் நடக்கக்கூடிய ஒன்றுக்குத்தான் என்னை அழைத்திருக்கிறாள். எந்த ஊரிலும் நிலைக்காத என் கால்கள் அந்த நிழலில் நகர மறுத்தன. அவள்தான் முதலில் நடந்தாள்.

பத்து நிமிடம் தாண்டியிருந்தது. கணினிப் பெண் மறுபடி அனுப்பினாள். மறுபடி அந்த ஒலி. இம்முறை ஒவ்வோர் எண்ணாக, உரக்கச் சொன்னேன். அந்தப் பெண் தட்டினாள். திரையில் இரண்டு பெயர்கள் இருந்த இடத்தில் விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று ஒரு வரி வந்தது.

சாலைக்கு வந்ததும் என் மனைவி பர்ஸிலிருந்து பழைய அட்டையை எடுத்தாள். ஓரங்கள் தேய்ந்து, அதிலும் சம்பங்கி வாசம்.

“இந்தாங்க, ஒங்க கார்டு. அரிசி வாங்கி ஒழுங்காப் பொங்கிச் சாப்புடுங்க.”

வாங்கிப் பையில் வைத்தேன். இனி நான் அரிசி வாங்கினால், வாங்கினேன் என்று எனக்கே செய்தி வரும். அவளுடைய பருப்பும் பாமாயிலும் அவள் எண்ணுக்கே போகும். எனக்குத் தெரியப்போவதில்லை.

தாடிக்கொம்பு வழியாக அகரம் போகும் டவுன் பஸ் வந்தது. கூட்டத்தோடு ஏறி ஜன்னலோரம் இடம்பிடித்தாள். நான் கம்பிக்குக் கீழே நின்றேன். என்னவோ கேட்க வாய் எடுத்தேன். நடத்துநர் விசில் அடித்துவிட்டார். அவள் குனிந்து, வண்டிச் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சொன்னாள்:

“வேல கெடச்சா போன் பண்றேன். கெடைக்கலைன்னாலும் பண்றேன்.”