ஒரு பவுண்டு காற்று

இப்போதெல்லாம் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிக்கும்போது யாரும் கண்ணைச் சுருக்கி முள்ளைப் பார்ப்பதில்லை. எண்ணை அழுத்திவிட்டால் இயந்திரமே அளந்து நிறுத்திக்கொள்கிறது. போன வாரம் அங்கிருந்தவர், "நாலுக்கும் முப்பதுங்களா?" என்று கேட்டார். "பின்னாடி மட்டும் முப்பத்தொண்ணு வைங்க" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். எனக்குப் பேச்சு அவ்வளவாக வராது. அந்த வராத பேச்சால் தொண்ணூறுகளில் ஒருமுறை என் மனைவியை ஆபத்தில் தள்ளப் பார்த்தேன். அதிலிருந்து எங்களைக் காப்பாற்றியவர் மேட்டுப்பாளையம் ரோட்டில் டயர்க்கடை வைத்திருந்த ஓர் அக்கா.

அப்போது நான் கோவையில் ஒரு பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். வீடு காரமடைக்கு மேற்கே, தோட்டத்துக்குள். தார் ரோட்டுக்கு வர, இருபுறமும் வேலி அடைத்த இட்டேரி ஒன்றுதான் வழி. அதன் நடுவில் ஒரு பாறை முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தது. பழைய சின்னக் கார் ஒன்று வாங்கியிருந்தேன். ஒவ்வொரு முறையும் அதன் அடிவயிறு அந்தப் பாறையில் உரசும். மனைவிக்கு அப்போது ஏழு மாதம். முன்பு ஒன்று தங்காமல் போயிருந்ததால், வலி எடுத்ததும் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். வண்டிக்கு அடியிலிருக்கும் ஆயில் சேம்பர் பாறையில் அடிபட்டு வண்டி பாதி வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதே என் ஒரே யோசனை. பன்னிரண்டு இஞ்சு ரிம்மை எடுத்துவிட்டுப் பதிமூன்று இஞ்சு போட்டால் வண்டி உயரும் என்று கம்பெனியில் சொன்னார்கள். அக்காவின் கடைக்குப் போய், வண்டி பாறையில் உரசுகிறது என்று மட்டும் சொன்னேன்.

அக்காவுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, ஃபிட்டர்களை அதட்டிக்கொண்டே இருப்பார். பதிமூன்று இஞ்சுக்கு அவரிடம் இரண்டு வகை டயர் இருந்தது. ஒன்று குண்டு, ஒன்று ஒல்லி.

"ஏனுங்க தம்பி, வண்டில யாரெல்லாம் உக்காருவீங்க?" என்று கேட்டார்.

ஒரு பெண்ணிடம், அதுவும் முன்பின் தெரியாதவரிடம், மனைவியின் மாதக் கணக்கை எப்படிச் சொல்வது? "நான் மட்டுந்தானுங்க" என்றேன்.

"அப்ப குண்டே போட்டுக்குங்க. நல்லா உசரங் குடுக்கும்."

வண்டி இரண்டு விரற்கடை உயர்ந்தது. பாறையைத் தொடாமல் தாண்டியது. அந்தச் சந்தோஷம் நான்கு நாள்தான். ஐந்தாம் நாள் மனைவியையும் என் அம்மாவையும் மாமியாரையும் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் பள்ளத்திலேயே பின்னாலிருந்து கரகரவென்று சத்தம், ரப்பர் கருகும் நாற்றம்; பாரத்தில் வண்டி அமுங்கி, குண்டு டயர் மேலே மட்கார்டில் உரசியது. மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை.

மறுநாள் தேய்ந்த டயரைப் பார்த்ததும் அக்கா இடுப்பில் கை வைத்தார். "ஒத்தை ஆளு போயி டயரு இப்பிடித் தேயுமுங்களா? எத்தனை பேரை ஏத்துனீங்க? நெசத்தைச் சொல்லுங்க."

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "ஊட்டுல ஏழு மாசமுங்க."

அக்கா தேய்ந்த டயரைத் தட்டிக் காட்டினார். "அதைச் சொல்றதுக்கு ஒரு சோடி டயரைத் தேச்சுப்போட்டு வந்திருக்கீங்களாக்கும்" என்றார். ஃபிட்டர்கள் சிரித்தார்கள். "என்னடா சிரிப்பு, ஒல்லியை மாட்டிட்டு மூணு பேரும் பின்னாடி ஏறுங்க" என்று அதட்டினார். ஒல்லி டயரை மாட்டி, உரசினால் மட்கார்டில் வெள்ளை ஒட்டிக்கொள்ளும்படி அதன் ஓரமெல்லாம் சாக்பீஸ் பூசியதும், மூவரையும் காருக்குள் தள்ளி, தானும் முன்சீட்டில் ஏறிக்கொண்டார். அந்தப் பாரத்தோடு கடைக்கு முன்னாலிருந்த குழிகளில் ஏறி இறங்கி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை ஒடித்து ஓட்டிக்காட்டினேன். இறங்கியதும் அக்கா மண்ணில் மண்டியிட்டு, நாலு மட்கார்டுக்குள்ளும் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டவில்லை.

"உசரம் ஒரு வெரல்தான் கூடும். பாறைக்குப் போதுமுங்களா?"

"போதுமுங்க."

"அந்தப் பாறையைப் பேத்துப் போட்டிருந்தா, நீங்க இங்க வந்தே இருக்க வேண்டாம்."

"பேக்க வராதுங்க. பெரிய பாறை."

"பரவால்ல, வாயத் தொறந்து பதில் சொல்றீங்களே" என்றார்.

மாதம் நிறைந்து ஒரு மத்தியானம் மனைவிக்கு வலி எடுத்தது. மனைவியும் அம்மாவும் மாமியாரும் பின்சீட்டில். பாறை வந்தபோது மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஒரு சத்தமும் கேட்கவில்லை. அப்படியொரு அமைதியை அதற்குப் பின் எந்தக் கோயிலிலும் நான் உணர்ந்ததில்லை. ஆஸ்பத்திரி சேர்ந்த அரை மணியில் மகள் பிறந்தாள். இன்னும் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் பிறகு சொன்னார்.

குழந்தை பிறந்த மூன்றாம் மாதம் மனைவியையும் பிள்ளையையும் டயர்க்கடைக்குக் கூட்டிப்போனேன். நன்றி சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன். அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. காற்றுப் பார்க்க வந்தோம் என்றேன். அக்கா பின்கதவைத் திறந்து, தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு ஃபிட்டரைத் திரும்பிப் பார்த்து, "பின்னாடி வெயிட்டு கூடிப்போச்சு. ஒரு பவுண்டு சேத்தி வையப்பா" என்றார்.

அக்கா இப்போது இல்லை. அந்தக் காரும் இல்லை. தாராபுரத்தில் கட்டிக்கொடுத்த மகள் போன வாரம் வந்திருந்தாள். பங்கில் பின்சீட்டில் அவளும், அவள் மடியில் பேரனும். இயந்திரம் முப்பத்தொன்றில் கீச்சென்று நின்றது.

"போதுங்களா?" என்றார் அந்த ஆள்.

"போதுமுங்க. ரொம்ப நன்றிங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.