கயிற்றின் பின்முனை

கண்ணாடிக்கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பவர் அவர். மயிரிழை போன்ற கீறலும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணுக்கு வீட்டில் மட்டும் வேலை இருந்ததில்லை. திருமணமான நாளிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்த குளிர்பதனப் பெட்டி, பீரோ, சன்னல் திரை எல்லாமே மனைவியின் அண்ணனான மச்சானின் தேர்வு. லென்ஸ் தேய்க்கும் வேலையே மச்சான் சொல்லிவைத்துக் கிடைத்ததுதான். மச்சான் கெட்டவர் அல்லர், அதுதான் சங்கடம். கெட்டவரென்றால் ஒருநாள் சண்டை போட்டுத் தலைமுழுகிவிடலாம். நல்லவரிடம் எதைச் சொல்லி முகத்தை முறிப்பது?

ஆகவே, வீட்டுக் கார் நோயில் விழுந்தபோது அவர் உள்ளூர மகிழ்ந்தார். அதன் இடப்பக்கக் கதவு உள்ளிருந்து திறக்காது. மழை பெய்தால் காலடியில் குளம் கட்டும். மேடு ஏறும்போது குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொள்ளும், ஏதோ அந்த மூச்சில்தான் கார் ஏறுகிறது என்பதுபோல. அடுத்த கார் பழையதாகவே இருக்கட்டும். ஆனால் தானே பார்த்து, தானே தேர்ந்ததாக இருக்கவேண்டும் என்று அவர் உறுதிபூண்டார். வாரக்கணக்கில் அலைந்து, ஒரு விற்பனைக் கொட்டகையில் சாம்பல் நிறக் கார் ஒன்றைக் கண்டுபிடித்தார். தெரிந்த மெக்கானிக் அதன் அடிவயிறு வரை பார்த்துவிட்டு, "கண்ணை மூடிட்டு எடுங்க சார்" என்றார். மச்சானிடம் மூச்சு விடவில்லை.

சனிக்கிழமை காலை, மனைவியை ஏற்றிக்கொண்டு அந்தக் காரை விலைபேசி முடித்துவரக் கிளம்பினார். பாதி வழியில், மேம்பாலத்துக்கு அடியில், பழைய கார் உயிரை விட்டது. சாவியைத் திருப்பினால் விளக்கு இல்லை. அமுக்கினால் ஹாரன் இல்லை. அவர் மெக்கானிக்கின் எண்ணைத் தேடுவதற்குள் மனைவி போனில் பேசி முடித்திருந்தாள்.

"அண்ணன் பக்கத்துலதான் இருக்காராம். வர்றேன்னுட்டாரு."

"அவரை ஏன் கூப்பிட்ட?"

"பின்ன யாரைக் கூப்பிடறது?"

மச்சான் தம் பெரிய காரில், தடித்த நைலான் கயிற்றோடு வந்து இறங்கினார்.

"என்ன மாப்பிள்ளை, இந்த எலும்புக்கூட்டை இன்னும் கட்டிக்கிட்டு அழறீங்களா?"

"இல்ல மச்சான், வேற ஒண்ணு பாத்திருக்கேன். அதுக்குத்தான் போயிட்டிருந்தோம்."

"யாரோ எவரோ விக்கிற வண்டியா? சரி, அப்புறம் பேசுவோம். முதல்ல இதை நம்ம ஆளு ஒர்க்‌ஷாப்புல போடுவோம். கயிறு தொய்யாம வாங்க. நீங்க சும்மா ஸ்டியரிங்கைப் பிடிச்சா போதும்." தங்கையின் பக்கம் திரும்பினார். "நீ ஏம்மா வேகுற? என் வண்டியில ஏறு."

கயிறு இறுகியது. இழுத்த திசையில் அவர் உருண்டார். முன்காரின் பின்கண்ணாடி வழியே இரண்டு தலைகள் தெரிந்தன. மச்சானின் தலை ஆடியது. சிறிது பொறுத்து மனைவியின் தலையும் ஆடியது. என்ன பேசுகிறார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் தம்மைப் பற்றித்தான் என்பது தெரிந்தது. அப்போதுதான் அவர் புகையைக் கண்டார். மச்சானின் கார் வேகமெடுக்கும்போதெல்லாம் மெல்லிய நீலப்புகை பின்குழாயிலிருந்து சுருண்டு வந்து அவர் முகத்தில் மோதியது. எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறது. பின்னால் வருபவர் மட்டுமே பார்க்கக்கூடிய நோய் அது.

நாற்சந்தி வந்தது. கொட்டகைக்கு வலப்புறம் போகவேண்டும். கயிறு இடப்புறம் திரும்பியது. அவர் பிரேக்கை மிதித்தார். முன்காரின் சன்னலிலிருந்து ஒரு கை நீண்டு, ஈ விரட்டுவதுபோல் ஆடியது: காலை எடுங்க, காலை எடுங்க. பின்னால் பேருந்து அலறியது. அவர் காலை எடுத்தார்.

ஒர்க்‌ஷாப்பில் மனைவி முகமெல்லாம் சிரிப்பாக இறங்கினாள். "என்னங்க, அண்ணன் புது வண்டி எடுக்கறாராம். இதை நமக்கே குடுத்துடறாராம். நானும் சரின்னுட்டேன்!"

"நீலமா புகை வருது மச்சான். வழியெல்லாம் பாத்துட்டுத்தான் வந்தேன்."

மச்சான் வயிறு குலுங்கச் சிரித்தார். "உங்க பொணத்தைக் கட்டி இழுத்தா எந்த வண்டிதான் புகை விடாது மாப்பிள்ளை?" ஒர்க்‌ஷாப் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள். மச்சான் சாவியை அவர் கையில் திணித்தார். "அந்த ஆளுக்கு ஒரு போன் போட்டு வேணாம்னுடுங்க. பாவம், காத்துட்டிருப்பாரு."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் போன் செய்தார். "சார், கழுவித் துடைச்சு வச்சிருக்கேன். வர்றீங்கதானே?" என்றது எதிர்க்குரல்.

"இல்லீங்க... வீட்டுக்குள்ளயே ஒண்ணு அமைஞ்சிடுச்சு."

பெரிய காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும் மனைவி குரலைத் தாழ்த்தினாள். "நிஜமாவே புகை வந்துச்சா?"

"வந்துச்சு."

அவள் முகம் சுண்டியது. "இனிமே அண்ணன்கிட்ட எப்படிங்க சொல்றது?"

மச்சான் சன்னலைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது. "மாப்பிள்ளை, நாளைக்கு மட்டும் வண்டி எனக்கு வேணும். சின்ன வேலை."

"அதுக்கென்ன மச்சான்," என்றார் அவர். "உங்க வண்டிதானே."