சிட்னி வாசலில் கழற்றிய காலணி

மயிலாப்பூரில் எத்தனையோ வீட்டுப் பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் குடியேறியிருக்கிறார்கள். அவர்களோடு நம் வீட்டு ஒழுங்குகளும் கடல் கடந்திருக்கின்றன. அவற்றுள் ஒன்று அந்நாட்டில் உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பதை அண்மையில் உணர்ந்தேன். பிற பெற்றோரும் அறியவேண்டும் என்பதால் இதனை எழுதிவைக்கிறேன்.

எங்கள் மகள் சிட்னியின் புறநகரில், புதர் சூழ்ந்த தனிவீட்டில் வசிக்கிறாள். காலணியை வாசலுக்கு வெளியே கழற்றவேண்டும் என்பது என் மனைவியின் கட்டளை. அங்கேயும் அதுவே நடைமுறை.

சென்ற தை மாதத்தில் ஒருநாள் காலை, அந்நாட்டுச் சிலந்திகளைப் பற்றிய நூலொன்றைப் படித்துக்கொண்டிருந்தேன். புனல் வடிவில் வலை பின்னும் கரிய சிலந்தியொன்று சிட்னிப் பகுதியில் உண்டு. கோடையில், மழை பெய்தபின், ஆண் சிலந்தி துணை தேடி இரவெல்லாம் அலையும். விடிந்ததும் வெளியே கிடக்கும் காலணிக்குள் ஒடுங்கும். உரிய மருந்து விரைவில் கிட்டாவிடில் அதன் கடி உயிரைப் பறிக்கவும் கூடும்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தையில் அங்கே கோடை; முந்தைய நாள்தான் நல்ல மழை என்று மகள் சொல்லியிருந்தாள். அங்கே இப்போது நண்பகல். அவள் பிற்பகல் பணிக்குப் புறப்படும் வேளை. அழைத்தேன். எடுக்கவில்லை. கூடத்துக்கும் பால்கனிக்குமாக நடந்தேன். கீழே காய்கறி வண்டிக்காரர் கூவியதுகூட எரிச்சலூட்டியது.

"ஏன்னா, குட்டி போட்ட பூனை மாதிரி என்ன நடை?" என்றாள் மனைவி.

காரணத்தைச் சொன்னேன். ஆய்ந்துகொண்டிருந்த கீரையை அப்படியே போட்டுவிட்டு எழுந்தாள். "மறுபடி கூப்பிடுங்கோ. ஸ்பீக்கர்ல போடுங்கோ."

மூன்றாம் அழைப்பை மகள் எடுத்தாள். "அப்பா, வாசல்ல நிக்கறேன். ரயிலுக்கு நாழியாச்சு. ஒரு ஷூ போட்டாச்சு, இன்னொண்ணு..."

"எடுடி காலை!" என்று மனைவி அலறினாள். "ரெண்டையும் கவுத்துத் தட்டு!"

தட்டும் ஓசை கேட்டது. பிறகு ஒரு கூச்சல்.

"என்னடி, சிலந்தியா?"

"இல்லம்மா, இதுக்குக் கால் நிறைய இருக்கு. பூரான்! நம்மாத்துல வருமே, அதைவிடப் பெரிசு. புதருக்குள்ள ஓடிப்போச்சு."

காலணி வாசலுக்கு வெளியே என்பது, மனைவி என்னிடம்கூட ஒருநாளும் தளர்த்தாத விதி.

"இனிமே உள்ளேயே வச்சுக்கோ," என்றாள். "சுவாமி அலமாரிப் பக்கம் மட்டும் போகப்படாது."

அப்பூரான் எவ்வினம் என்பதை அறியேன். சிலந்தியைப் பற்றி எழுதியவற்றிலும் பிழை இருக்கலாம். யான் நூலில் மட்டுமே கண்டவன். அந்நாட்டில் வாழும் வாசகர்கள் தவறு கண்டால் திருத்தவேண்டும், விரைந்து திருத்தவேண்டும். மகள் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறாள்.