ஆடையின்றி நீந்திய ஞாயிறு

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரொறன்ரோவில் பஸ் ஏறினேன். மொன்றியலுக்கு ஐந்நூற்று நாற்பது கிலோமீற்றர். வழி முழுவதும் தூங்க நினைத்து, கண்ணை மட்டும் மூடிக்கொண்டிருந்தேன். புற்றுநோயால் இடது மார்பை எடுத்து ஒன்றரை வருடமாகிறது. சிகிச்சை முடிந்துவிட்டது; களைப்பு மட்டும் போகவில்லை.

மொன்றியலை ஒட்டிய லவாலில் இருக்கும் வசந்தி என் பள்ளித் தோழி. ஆடையின்றி நீந்துகிறவர்களின் சங்கம் ஒன்று, குளிர்காலத்தில் மாதம் ஒரு ஞாயிறு மொன்றியலில் நீச்சல் குளமொன்றை வாடகைக்கு எடுக்கிறது. அதன் வாசல் மேசையில் அவள் உதவிக்கு இருப்பவள். போனில் சொன்னபோது சிரித்தேன். பிறகு அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நீச்சலுடையில் ஒரு பக்கத்தைப் பஞ்சால் நிரப்பிக்கொண்டு போக மனமில்லாமல் நீந்துவதையே விட்டிருந்தேன்.

ஞாயிறு ஒரு மணிக்கு லவாலில் மெத்ரோ ரயில் பிடித்தோம். வெளியே பூச்சியத்துக்குக் கீழ் பதினெட்டுப் பாகை. மூன்று அடுக்கு உடுப்பில் இருவரும் புழுங்கிக்கொண்டு இருந்தோம்.

"நீ முதல் நாள் எப்பிடியடி இறங்கினனீ?" என்று கேட்டேன்.

வசந்தி கையுறையைக் கழற்றி மடித்தாள். "நான் ஒருநாளும் இறங்கேல்லை. மேசையிலைதான் இருக்கிறனான். என்ரை வயித்தை ஆருக்கும் காட்டேலாது."

"அப்ப என்னை மட்டும் இறக்கப் போறியோ?"

"ஓம். அங்கை ஒருத்தரும் ஒருத்தரையும் பாக்கிறேல்லை. மேசையிலை இருந்து நான் பாத்திருக்கிறன்."

கோபப்படக்கூட அலுப்பாக இருந்தது.

நுழைவுக் கட்டணம் பன்னிரண்டு டொலர். போனைப் பெட்டிக்குள் பூட்ட வேண்டும், எங்கே உட்கார்ந்தாலும் துவாய் விரிக்க வேண்டும், யாரையும் உற்றுப் பார்க்கக் கூடாது. சங்கத்தை நடத்தும் லூயீஸ் ஓய்வுபெற்ற ஆசிரியை. வருகிறவர்கள் எல்லாரும் தன்னைப் போன்ற வெள்ளைக் கிழடுகள் என்று ஆங்கிலத்தில் குறைப்பட்டாள். மற்ற இனத்தவர்கள் வாசல்வரை வந்து திரும்பிவிடுகிறார்களாம். வசந்தி பேனாவைத் தேடுவதுபோலக் குனிந்தாள்.

உடை மாற்றும் அறையில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு துவாயைச் சுற்றிக்கொண்டு குளத்தடிக்குப் போனேன். தொங்கும் வயிறுகள், முழங்காலில் தையல் தழும்புகள். குடல் அறுவைக்குப் பிறகு வயிற்றில் மலம் சேரும் பை ஒட்டியிருந்த ஒருவர் ஹொக்கி பற்றி வாதாடிக்கொண்டிருந்தார். என் பக்கம் யாரும் திரும்பவில்லை. துவாயை இறுக்கிப் பிடித்துப் பிடித்தே கை ஓய்ந்தது. கதிரையில் போட்டுவிட்டு இறங்கினேன்.

தழும்பின் ஒரு பாதிக்கு உணர்ச்சியே இல்லை. மறுபாதியில் தண்ணீர் சில்லென்று பட்டது. குளத்தின் ஒரு நீளம் நீந்தியதும் மூச்சு வாங்கியது; படியில் உட்கார்ந்தேன். என் பக்கத்தில் இருந்த முதியவள் தழும்பை ஒருமுறை பார்த்தாள். பிறகு, போன மாதத்தைவிடத் தண்ணீர் குளிர் என்று அலுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். நான் மறுபடி நீந்தினேன்.

முடிவதற்குச் சற்று முன்பு வசந்தி வந்தாள். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி, கால்களைத் தண்ணீருக்குள் விட்டாள்.

"இறங்கு," என்றேன்.

"பேந்து பாப்பம்," என்றாள். ஆனால் காலை எடுக்கவில்லை.

திங்கள் மாலை வீடு திரும்பினேன். மொன்றியலில் முன்பின் தெரியாதவர்கள் நடுவே நின்றவள், என் வீட்டில் ஒன்றரை வருடமாகக் கணவரும் பார்க்காதபடி கதவைப் பூட்டித்தான் உடை மாற்றியிருக்கிறேன். அன்று பூட்டவில்லை; படுக்கையறையிலேயே மாற்றினேன். கட்டிலில் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த கணவர் நிமிர்ந்து பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார்.

"களைச்சுப்போனீர்," என்றார், "வந்து படும்." தள்ளி இடம் விட்டார்.