அம்முலு என்று இங்கே யாரும் இல்லை

அம்முலுவுக்கு அப்போது இருபத்திமூன்று வயது. பாலிடெக்னிக் முடித்துவிட்டு ஒரகடத்தில் காருக்கு பிரேக் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலையில் இருந்தாள். ஓவர்டைமோடு சேர்த்து மாதம் பதினான்காயிரத்துக்குக் குறையாமல் வரும். 2007இல் உத்திரமேரூர்ப் பக்கம் அது பெரிய சம்பளம். அவளுடைய இருளர் குடியிருப்பில் யாரும் அதில் பாதியைக்கூடப் பார்த்ததில்லை.

குடியிருப்பு ஏரிப் புறம்போக்கில் இருந்தது. மொத்தம் பதினொரு வீடுகள். பட்டா கிடையாது. அளக்கிறோம் என்று யாராவது சங்கிலியோடு வந்துவிட்டால் அன்றைக்கு ஒரு வீட்டிலும் உலை ஏறாது. அதனால் வந்தவாசி ரோட்டில் ஒரு சின்ன மனை வாங்கி, தன் பேரில் பத்திரம் எழுதி, இரண்டு அறை கட்ட வேண்டும் என்று அம்முலு முடிவு செய்தாள். மூன்று வருடச் சம்பளச் சீட்டுகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

கடன் பிரிவில் ஜெகநாதன் என்று ஒரு அதிகாரி. நல்ல மனிதர்தான். சீட்டுகளைப் பொறுமையாகப் பார்த்தார். கம்ப்யூட்டரில் என்னவோ தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா."

"ஆமா சார். ஒருத்தர்கிட்டயும் ஒரு பைசா கடன் இல்ல."

"அதைத்தான் நானும் சொல்றேன். வாங்கினதும் இல்ல, கட்டினதும் இல்ல. நீங்க ஒழுங்கா கட்டுவீங்களான்னு நாங்க எதை வெச்சுப் பாக்கறது?"

"கடனே வாங்காதவ எப்படி சார் கட்டாம ஏமாத்துவா?"

அவர் சிரித்துவிட்டார். அம்முலுவுக்குச் சிரிப்பு வரவில்லை. சின்னதாக ஏதாவது ஒரு கடன் வாங்கி, தேதி தவறாமல் இரண்டு வருடம் கட்டினால் அவள் பேரில் ஒரு கிரெடிட் ஹிஸ்டரி உருவாகும், அதற்குப் பிறகு வந்தால் பார்க்கலாம் என்றார். "ஒரு வண்டி லோன் போடுங்களேன். சுலபமா கெடைக்கும்."

சுலபமாகக் கிடைக்கும் என்று அவர் சொன்னதை அம்முலு அதற்கப்புறம் பல தடவை பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்துப் பார்த்தாள்.

காஞ்சிபுரத்தில் ஒரு ஷோரூமுக்குப் போய் மொபெட் ஒன்றைப் பார்த்தாள். இருபத்திநாலாயிரம். அவள் சேமிப்புக் கணக்கில் நாற்பதாயிரத்துக்கு மேல் இருந்தது. ரொக்கமாகக் கொடுத்தால் ஆயிரம் ரூபாய் குறைத்துத் தருவதாகவும், ஹெல்மெட் இனாம் என்றும் கடைக்காரன் சொன்னான்.

"ரொக்கம் வேணாங்க. லோன்தான் வேணும்."

"கையில பணம் இல்லையாம்மா?"

"கீது. ஆனா லோன்தான் வேணும்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் விண்ணப்பத்தை எடுத்துக் கொடுத்தான். பெயர், சம்பளம், வேலை எல்லாம் எழுதியாகிவிட்டது. கதவு எண் என்ற இடத்தில் பேனா நின்றது. கதவே ஒரு தகரம்தான். அதற்கு ஏது எண்? கோடு போட்டுவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் கழித்து ஷோரூம் மூலமாகப் பதில் வந்தது. முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை, விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது.

அம்முலு லீவு போட்டுவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனாள். புறம்போக்கு வீட்டுக்கு வரி கிடையாது, வரி இல்லாத வீட்டுக்கு எண் கிடையாது என்று அங்கிருந்தவர் சொன்னார். வரி கட்டத் தயார் என்றாள். வரி கட்ட எண் வேண்டும் என்றார். அவள் அங்கே அதற்குமேல் நிற்கவில்லை. கடைவீதியில் கால் லிட்டர் சிவப்பு பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கிவந்து தகரக் கதவில் பெரிதாக 7 என்று எழுதினாள். அவர்கள் வீடு ஏழாவது வீடுதான்.

அப்பா கன்னியப்பன் பெயிண்ட் காயும்வரை எட்டி நின்று பார்த்தார். "இன்னாத்துக்கும்மா இது?"

"லோன்காரன் வந்தா வூடு தெரியணும் நைனா."

"உங்கிட்டதான் துட்டு கீதே. வண்டிய வாங்கிக்கினு வர்றத வுட்டுட்டு..."

அவள் முதலிலிருந்து விளக்கினாள். கடன் வாங்கிக் கட்டினால்தான் கடன் கிடைக்கும் என்று அவள் சொல்லி முடித்ததும் கன்னியப்பன் பீடியை எடுத்துப் பற்றவைத்துக்கொண்டார். தான் சொன்னது தனக்கே கிறுக்குத்தனமாகக் கேட்டதால் அம்முலுவுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது.

இரண்டாவது முறை விண்ணப்பித்தாள். இம்முறை கதவு எண் ஏழு என்று அழுத்தி எழுதினாள். பத்தே நாளில் பதில் வந்துவிட்டது. 'மேற்படி முகவரியில் அப்படி ஒருவர் வசிக்கவில்லை.'

ஃபைனான்ஸ் கம்பெனியின் காஞ்சிபுரத்து ஆபீசுக்கே போய் மேஜை முன்னால் நின்றாள். "நான் வசிக்கலன்னா இங்க நிக்கறது யாருங்க?"

அங்கிருந்த பெண் காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். வீடு பார்க்க வந்தவர் தெளிவாக எழுதியிருந்தார். எதிர்வீட்டுப் பெண்மணியிடம் விசாரித்ததில் தெரியாது என்றார். கதவு எண் ஏழில் இருந்த வயதான பெண்மணியிடம் விசாரித்ததில், அம்முலு என்று இங்கே யாரும் இல்லை என்றார்.

கதவு எண் ஏழில் இருக்கும் வயதான பெண்மணி அவள் அம்மா காளியம்மாள்.

அம்முலு வீட்டுக்கு வந்தபோது காளியம்மாள் முருங்கைக் கீரையை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"யம்மா, ஒரு ஆளு வந்து என்னக் கேட்டானா?"

"வந்தான். பேண்ட் சட்ட போட்டுக்கினு, கையில பேப்பர் வெச்சிக்கினு."

"நீ இன்னா சொன்ன?"

"அப்டி யாரும் இல்லன்னேன்."

"பெத்தவளே இல்லன்னு சொல்லிட்டியே! நா இன்னா செத்தா பூட்டேன்?"

"வாய மூடு. பேப்பர் வெச்சிக்கினு பேரு கேக்கறவன்கிட்ட யாராவது பேரு சொல்லுவாங்களா?"

அந்தக் குடியிருப்பில் யாரும் சொல்லமாட்டார்கள். அம்முலுவுக்கு ஆறு வயதானபோது காளியம்மாளும் கன்னியப்பனும் ஒரு அரிசி ஆலையில் மூவாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கினார்கள். அதற்கு ஈடாக நெல் அவித்து, களத்தில் காயவைத்து, அங்கேயே ஒரு கொட்டகையில் ஐந்து வருடம் அடைபட்டுக் கிடந்தார்கள். கடன் குறையவே இல்லை. அம்முலுவின் பெரியம்மா சாவுக்கு ஒரு நாள் சொல்லாமல் குடியிருப்புக்கு வந்ததற்கு, ஆலைக்காரனின் ஆள் ஒரு காகிதத்தோடு வீடு வீடாகப் பேர் கேட்டு வந்தான். முன்பணத்துக்குச் சாட்சிக் கைநாட்டு வைத்திருந்த பாவத்துக்கு எதிர்வீட்டு மார்த்தாளின் புருஷனையும் ஆலைக்கு இழுத்துக்கொண்டு போனான். கடைசியில் கோட்டாட்சியர் வந்துதான் எல்லோரையும் விடுவித்தார். அந்த ஐந்து வருடமும் அம்முலு அரசு விடுதியில் இருந்து படித்தாள். மாதக் கணக்கில் அவளைப் பார்க்க யாரும் வரமாட்டார்கள். ஏன் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

இதெல்லாம் தெரிந்தும் அன்றைக்கு அவளுக்குக் கோபம் அடங்கவில்லை.

"அது வேற, இது வேறம்மா. இது நானா போயி கேட்டு வாங்கறது."

காளியம்மாள் கீரையிலிருந்து தலையைத் தூக்கினாள். "நாங்களும் நாங்களாதான் போயி கேட்டோம்."

அம்முலு கையில் இருந்த காகிதத்தைச் சுருட்டிக் கூரையில் செருகிவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள். குழாயடியில் மார்த்தாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார்த்தாளோ அவளைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றிய நிம்மதியில் சிரித்த முகமாகவே இருந்தாள்.

மூன்றாவது விண்ணப்பத்தை அம்முலு வேறு மாதிரி செய்தாள். வீடு பார்க்கிறவரின் செல் நம்பரைக் கெஞ்சி வாங்கினாள். பெயர் தாண்டவராயன். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச்சொல்லி, தானே ரோட்டுக்குப் போய் நின்று கூட்டிவந்தாள்.

தாண்டவராயன் வண்டியை நிறுத்திவிட்டு விண்ணப்பத்தைப் புரட்டினார். "அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் உங்களைத் தெரியும்னு சொல்லணும்மா. பேரும் எழுதிக்கணும்."

எதிர்வீட்டு வாசலில் மார்த்தாள் நின்றுகொண்டிருந்தாள். தாண்டவராயன் அம்முலுவைக் காட்டிக் கேட்டார். "இவங்களைத் தெரியுமாம்மா?"

மார்த்தாள் அம்முலுவை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாதுங்க."

"அத்த!" என்று அம்முலு கத்தினாள். "நீதான என்ன இடுப்புல வெச்சிக்கினு சுத்துன? காலீல உங்கிட்டதான உப்பு வாங்கிக்கினு வந்தேன்?"

"நீ சும்மா இரு புள்ள" என்று மார்த்தாள் கண்ணால் ஜாடை காட்டினாள்.

தாண்டவராயன் அவசரப்படவில்லை. நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். காளியம்மாள் சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றிருந்தாள்.

"எம்பொண்ணு கட்டலன்னா எங்கள இழுத்துக்கினு போவியா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. வண்டிய எடுத்துக்கினு போவோம். அவ்ளோதான்."

"வேல செய்யச் சொல்லமாட்டியே?"

"எங்ககிட்ட இன்னாம்மா வேல கீது?"

"பேரு சொல்றவங்கள?"

"அவங்க ஒண்ணும் கட்டத் தேவையில்ல. இவங்க இங்க இருக்காங்கன்னு சொன்னா போதும்."

"எல்லாம் கட்டி முடிச்சா, பாக்கி இல்லன்னு எழுதித் தருவியா?"

"கம்பெனியில லெட்டர் குடுப்பாங்கம்மா."

"நீ எழுதிக் குடு. இப்பவே."

தாண்டவராயன் அம்முலுவைப் பார்த்தார். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவர் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, கட்டி முடித்ததும் பாக்கி இல்லை என்ற கடிதம் தரப்படும் என்றும், சாட்சி சொல்கிறவர்களுக்கு எந்தப் பொறுப்பும் இல்லை என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காளியம்மாள் அதை அம்முலுவிடம் தரவில்லை. கன்னியப்பனிடமும் தரவில்லை. கூட்டுறவுக் கடையில் வேலைபார்க்கும் பையனை ஓடிப்போய்க் கூட்டிவந்து, அவனைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். அவன் இரண்டு தடவை படித்த பிறகுதான், "எழுதிக்க. இவ எம்பொண்ணு அம்முலு. இந்த வூட்லதான் கீறா" என்றாள். மார்த்தாளும் பேர் சொன்னாள்.

மொபெட் வந்தது. ரொக்க விலையைவிட நாலாயிரத்துச் சொச்சம் அதிகம். இருபத்திநாலு தவணை. அம்முலு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதிக்கு முன்பே கணக்கில் பணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவாள். பதினொன்றாவது மாதம் கம்பெனி சம்பளக் கணக்கை வேறு வங்கிக்கு மாற்றியது. பழைய கணக்கு முடங்கிப்போனதால் அதிலிருந்து தவணை போகவில்லை. தகவல் தெரிந்ததும் லீவு போட்டுவிட்டு, அந்த மொபெட்டிலேயே காஞ்சிபுரம் போய் அபராதத்தோடு கட்டிவிட்டு வந்தாள். ஆறு நாள் தாமதம்.

கடைசித் தவணையும் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதத்தைக் காளியம்மாள் கையில் கொடுத்துவிட்டு, 2009 கடைசியில் மறுபடி வங்கிக்குப் போனாள். ஜெகநாதன் மாற்றலாகிப் போயிருந்தார். சுபாஷ்ரீ என்ற இளம் அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"ஹிஸ்டரி இருக்கு. ஆனா ஒரு மாசத் தவணை மட்டும் லேட்டா கட்டியிருக்கீங்களே?"

அம்முலு கவரைத் திறந்து கம்பெனிக் கடிதம், அபராத ரசீது, புதுக் கணக்கின் பாஸ்புக் மூன்றையும் மேஜையில் வைத்தாள். கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். வேறு எட்டு காகிதங்களும் கேட்டார்கள். அவற்றையும் கொடுத்தாள். ஏழு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். நாலரை லட்சம் கேட்டதற்கு மூன்று லட்சம் அனுமதித்திருந்தார்கள்.

கடிதத்தை வாங்கிப் படித்தாள். அவள் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'அம்மிணி' என்று இருந்தது.

"சின்னத் தப்புதான். திங்கக்கெழம வாங்க, மாத்தித் தரோம்" என்றார் சுபாஷ்ரீ.

"மாத்துற வரைக்கும் இங்கியே உக்காந்துக்கினு கீறேன் மேடம்" என்றாள் அம்முலு. குரலை உயர்த்தவில்லை. சுவரோரம் இருந்த நாற்காலியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். சாப்பாட்டு நேரம் வந்தது, போனது. மூன்றரை மணிக்குப் புதுக் கடிதத்தை அச்சடித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் எழுந்தாள்.

மனை தை மாதம் அவள் பேரில் பதிவானது. மூன்று லட்சத்தில் இரண்டு அறைக்கு வழியில்லை. ஒரு அறையும் சமையலறையும்தான் எழும்பின. செங்கல் விலையைக் கேட்டபோதெல்லாம் அம்முலு கொத்தனாரிடம் சண்டை போட்டாள்.