அளவுக்கு அல்ல

மாணிக்கம் போய்விட்டார்.

காலையில் அவர் மகன் போன் செய்தான். "அப்பா தவறிட்டாங்க சார்... நாலு மணிக்கு எடுக்கிறோம்" என்றான். அவ்வளவுதான் பேசினோம்.

இங்கே படிக்கிற பலருக்கு அவரைத் தெரியாது. நான் சர்வேயராக இருந்தபோது பத்தொன்பது வருஷம் எனக்கு நிலம் அளக்கும் செயின் பிடித்தவர். வயலின் அந்தக் கோடியில் அவர், இந்தக் கோடியில் நான்.

"புடிச்சிட்டேன் சார்" என்று அங்கிருந்து குரல் வரும். நான் அளவைக் குறித்துக்கொண்டு "விட்டுடுங்க மாணிக்கம்" என்று கத்துவேன். வாழ்க்கையில் நாங்கள் அதிகம் பேசிக்கொண்டது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், நன்னிலம் பக்கம், அவர் தெருவையே அளக்க வேண்டிவந்தது. பண்ணை நிலத்தில் தலைமுறையாகக் குடியிருந்தவர்களுக்கு மனைப்பட்டா கொடுக்கச் சொல்லி உத்தரவு. ஒரு பக்கம் பண்ணை ஆட்கள், ஒரு பக்கம் சங்கத்துக்காரர்கள், நடுவில் போலீஸ்.

சொந்தத் தெருவை இவன் அளக்கக் கூடாது என்று பண்ணை ஆட்கள் தகராறு செய்தார்கள். மூன்று நாள் மாணிக்கம் செயினைத் தொடாமல் வேலியோரம் நின்றார்... நான் வேறு ஆளை வைத்து அளந்தேன்.

பக்கத்து ஊரில் எல்லைக் கல்லை ஓரடி தள்ளி நட்டதற்கு ஒருவர் மண்டை உடைந்திருந்தது. அதனால் எந்தக் கோட்டையும் மூன்று தடவை அளப்பேன். அந்தப் பழக்கம் வயலோடு நின்றிருக்கலாம்.

அந்த மூன்று நாளும் எங்களுக்கு மோர் கொண்டுவந்தது மாணிக்கத்தின் மனைவி செல்லம்மா. "கோடு எங்க அடுப்பு மேல போகுதா சார்? பாத்துப் போடுங்க, சோறு வெந்துக்கிட்டிருக்கு" என்பார். காவலுக்கு நின்ற போலீஸ்காரரே சிரித்துவிட்டார்.

நாலு வருஷம் கழித்து மஞ்சள் காமாலையில் செல்லம்மா போய்விட்டார். வீட்டில் அவர் போட்டோ ஒன்றுகூட இல்லை. வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்காத காலம் அது.

நான் சாப்பாட்டு வேளையில் பென்சிலால் முகம் வரைவேன். யாரிடமும் கற்றதில்லை, சும்மா கை அரிப்பு. மாணிக்கத்துக்கு அது தெரியும்.

காரியம் முடிந்து வேலைக்கு வந்த அன்றே கேட்டார். "நீங்க அவளப் பாத்திருக்கீங்கல்ல சார்... ஒரு படம் போட்டுக் குடுங்க. புள்ளைக்கு மொகம் மறந்துடும்."

சரி என்றேன். ஒரே வாரத்தில் போட்டும்விட்டேன். கண் வந்துவிட்டது, தாடைதான் கொஞ்சம் அகலம். இன்னொன்று போட்டுக் கொடுக்கலாம் என்று வைத்துவிட்டேன்.

இன்னொன்றில் மூக்கு சரியில்லை. அடுத்ததில் சிரிப்பு வேறு யாருடையதோ...

ஒருநாள் ஆபீஸ் காகிதத்தோடு வீட்டுக்கு வந்தவர், மேசையில் கிடந்த முதல் படத்தைப் பார்த்துவிட்டார். நின்றபடியே ரொம்ப நேரம் பார்த்தார். "இதுவே போதும் சார்" என்று கை நீட்டினார்.

நான் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். "தாடை தப்பா இருக்கு மாணிக்கம். இன்னும் ஒரு வாரம் குடுங்க" என்றேன்.

அந்த வாரம் முடியவே இல்லை. முதலில் மாதம் ஒரு தடவை கேட்டார், அப்புறம் பொங்கலுக்கு மட்டும். நான் ரிட்டையர் ஆனபின் அவரும் கேட்கவில்லை, நானும் பேச்செடுக்கவில்லை. வெட்கம்... இல்லை, திமிர் என்றே சொல்லிவிடுகிறேன்.

இன்று போன் வந்ததும் பீரோவைக் குடைந்து அந்த நோட்டை எடுத்தேன். பதினோரு செல்லம்மா. ஒவ்வொன்றின் ஓரத்திலும் என் கையெழுத்தில் குறை. காது பெரிது, நெற்றி சின்னது, தாடை தப்பு.

இப்போது பார்த்தால் பதினொன்றுமே செல்லம்மாதான். எதைக் கொடுத்திருந்தாலும் போதும். பாவி, ஒன்றைக் கூடக் கொடுக்கவில்லை நான்.

நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். மகனிடமாவது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனேன். வழியெல்லாம் நடவு நடந்துகொண்டிருந்தது.

மாணிக்கத்தைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டுச் சுவரில் பிரேம் போட்ட ஒரு படம், பூச்சரத்தோடு. ஆபீஸில் வீணான காகிதத்தின் பின்பக்கம், பேனாவால் போட்டது. முட்டை மாதிரி ஒரு முகம், கண்ணுக்கு இரண்டு புள்ளி, மூக்குத்தி, கோணல் வகிடு.

பார்த்ததும் யாரென்று தெரிந்துவிட்டது.

அடியில் மாணிக்கத்தின் எழுத்தில் 'அளவுக்கு அல்ல' என்று இருந்தது. அளக்காமல் கையால் போடும் எந்த வரைபடத்துக்கும் கீழே அப்படி எழுதுவது எங்கள் ஆபீஸ் வழக்கம். எழுத மறந்தால் நான் திட்டுவேன்.

"அப்பா போட்டது சார்" என்றான் மகன். "உங்க வீட்ல அம்மா படத்தப் பாத்துட்டு வந்து, மறக்கறதுக்குள்ள போடணும்னு அன்னைக்கே போட்டாராம். நான் சின்ன வயசுலேருந்து கும்புட்டதெல்லாம் இதத்தான்."

தாடை அகலமாக இருந்தது. நான் தப்பென்று பிடுங்கிக்கொண்ட அதே தாடை.

பையை நான் திறக்கவில்லை. அவன் அம்மா அவனுக்கு அங்கே சுவரில் இருக்கிறார்... இனி எதை எடுத்து யாரிடம் நீட்டுவது. எல்லாம் முடிந்து பஸ் பிடித்து வந்துவிட்டேன்.

உங்களில் சிலர் என் படங்களை இங்கே போடச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் சரியாக வரவில்லை என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன்.

கீழே இருப்பது இப்போது போட்ட மாணிக்கம். பத்து நிமிஷம்தான். பேனாவால் போட்டேன், அழிக்க வழி இருக்கக் கூடாது என்று. ஒரு காது இறங்கிவிட்டது, ஒரு கை நீளமாகிவிட்டது. அந்தக் கோடியில் செயினைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

அளவுக்கு அல்ல.

விட்டுடுங்க மாணிக்கம்.