ஒரு வாய்த் தண்ணீர்

சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே, மாடியறையில், கம்ப்யூட்டர் கேம் செய்யச் சொல்லித்தருகிறேன். சேர வருகிறவர்கள் முதல் நாளே ஒரு நாட்டையே கட்டப்போவதாகச் சொல்வார்கள். குதிரை, கோட்டை, ஊரே சேர்ந்து ஆடும் போர்க்களம். "முதல்ல ஒரு பந்து தரையில விழுந்து எழும்பட்டும், அப்புறம் கோட்டையைப் பாக்கலாம்" என்பேன். பாதிப் பேரின் பந்து எழும்பாது. தரையைத் துளைத்துக்கொண்டு பாதாளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். எனக்குப் பொறுமை போதாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பந்துகளைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

போன பேட்ச்சில் கோட்டை கேட்காத ஒரே ஆள், ஒரு பட்டுப்புடவைக் கடையில் வெகுகாலம் சேல்ஸ்மேனாக இருந்தவர். முப்பதைத் தாண்டியவர். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார்.

"கேம் கம்பெனியில வேலை கிடைக்கலன்னா, ஆடித் தள்ளுபடிக்குத் திரும்பவும் போய்ப் புடவை பிரிக்கணும் மேடம். மொதலாளி சிரிச்சிக்கினே சேத்துப்பாரு. அந்தச் சிரிப்பைத்தான் தாங்க முடியாது."

இதைக் கேட்டதிலிருந்து அவருக்கு எப்படியாவது வேலை கிடைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு தவிப்பு.

அவர் தனக்குத் தெரிந்த உலகத்தையே கேமாகச் செய்தார். ஒரு கல்யாணக் குடும்பம் கடைக்குள் வந்து உட்காரும். நாம் புடவை பிரித்துப் போட வேண்டும். பெண்ணுக்குப் பிடித்தால் அம்மா உதட்டைப் பிதுக்குவாள். அம்மாவுக்குப் பிடித்தால் அத்தை, "இதே கலரு வீட்டுல இருக்குதே" என்பாள். மூவரும் ஒரே புடவைக்குத் தலையாட்டினால் வெற்றி. ஆனால் மூலையில் ஒரு பெரியப்பா உட்கார்ந்திருப்பார். அவருக்கு நடுவில் ஒரு கூல்டிரிங்ஸ் கொடுக்காவிட்டால் கொட்டாவி விடுவார், கடிகாரத்தைப் பார்ப்பார், "போலாமா" என்று எழுந்துவிடுவார். குடும்பமே பின்னால் கிளம்பிவிடும். ஆட்டம் காலி. முதல் தடவை பார்த்தபோது எங்கள் பெரியப்பாவை நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன்.

என் வகுப்பில் ஒரு சட்டம் உண்டு. கேமை முன்பின் தெரியாத ஒருவர் கையில் கொடுக்க வேண்டும். செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் பார்க்க வேண்டும். ஆடுகிறவர் எங்கே தடுமாறுகிறார் என்பது அப்போதுதான் தெரியும். கோடிங் எழுதுவதைவிட இதுதான் கஷ்டம்.

கீழே பட்டாவை ஜெராக்ஸ் எடுக்க தாமலிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயியை மேலே கூட்டிவந்தோம். அவர் கேம் இருந்த போனைக் கையில் வாங்குவதற்குள் நம்மவர் தொடங்கிவிட்டார்.

"வாங்கண்ணா, உக்காருங்க. அந்த மாம்பழ மஞ்சளைப் பிரிங்க. அது இல்லண்ணா, அதுக்குக் கீழ. பெரியவருக்கு ஒரு கூல்டிரிங்ஸ் குடுத்துடுங்க. தோ, கல்லா பக்கத்துல இருக்குது பாருங்க."

விவசாயி ஜெயித்தார். அடுத்து வந்த கல்லூரிப் பெண்ணும் ஜெயித்தாள். யார் வந்தாலும் ஜெயித்தார்கள்.

"பாத்தீங்களா மேடம், கேம்ல ஒரு குறையும் இல்ல."

"டவுன்லோட் பண்றவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போவீங்களா?" என்று சத்தம் போட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "திருப்புட்குழி வரைக்கும்னா வண்டியில போயிட்டு வந்துடலாம் மேடம்" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. வந்தவர் வாங்காமல் எழுந்தால் அவருக்கு உடம்பே பதறும். மறுநாள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். "வாய் நிறைய ஊத்திக்கங்க. ஆட்டம் முடியற வரைக்கும் முழுங்கக் கூடாது." முதலில் முழுங்கிவிட்டுப் பேசினார். பிறகு முழுங்காமலே பேசினார். ஆட வந்த டெய்லரின் சட்டை நனைந்ததுதான் மிச்சம். அதுவரை ஒரு ஆட்டத்தைக்கூட அவர் பேசாமல் பார்க்கவில்லை.

அதற்குள் சென்னையிலிருந்து ஆள் வந்துவிட்டார். ஒரு சின்ன கேம் கம்பெனி நடத்தும் இளைஞர். தாடி, கழுத்தில் ஹெட்ஃபோன். என் மாணவர்களில் ஒருவரை வேலைக்கு எடுக்க வந்திருந்தார். "நான் ஆடறப்ப யாரும் ஹெல்ப் பண்ணக் கூடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். நம்மவர் என்னைப் பார்த்தார். டம்ளரை எடுத்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

தாடிக்காரர் உற்சாகமாகப் புடவை பிரித்தார். பெரியப்பா கொட்டாவி விட்டார். தாடிக்காரர் திரையில் அவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. "போலாமா." குடும்பம் கிளம்பிவிட்டது. இரண்டாவது ஆட்டத்திலும் அதே கதை. நம்மவர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி நின்றார். வாய் மட்டும் திறக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் பெண் தலையாட்டினாள், அம்மா தலையாட்டினாள், அத்தை யோசித்துக்கொண்டிருந்தாள். பெரியப்பா கடிகாரத்தைப் பார்த்தார்.

"கல்லா பக்கத்துல பாருங்க தம்பி. அவருக்கு ஒரு கூல்டிரிங்ஸ் குடுங்க."

சொன்னது நான்தான்.

அறையில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். நம்மவர் தண்ணீரை நிதானமாக முழுங்கினார். வாடிக்கையாளரிடம் பேசும் அதே பணிவோடு கேட்டார்: "மேடம், டவுன்லோட் பண்றவங்க வீட்டுக்கெல்லாம் நீங்க கூடவே போவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்த மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு காப்பாற்றியதை நான் வாயைத் திறந்து கெடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

தாடிக்காரர் போனைக் கீழே வைத்துவிட்டு அவரிடம் கேட்டார். "நான் ஆடறப்ப நீங்க என்ன பாத்தீங்க?"

"பெரியவர் கொட்டாவி விடறப்பல்லாம் நீங்க அவரைத்தான் தட்டுனீங்க சார். கல்லா பக்கம் திரும்பவே இல்ல. எங்க கடையில பாட்டிலு அங்க இருக்கும், அதனால அங்க வெச்சிட்டேன். அவரைத் தட்டுனாலே பாட்டிலு வரணும். இத்தினி நாளா பேசிக்கினே இருந்தேனா, எனக்கே தெரியல."

"இப்பவே மாத்த முடியுமா?"

உட்கார்ந்து மாற்றினார். தாடிக்காரர் மறுபடி ஆடினார். பெரியப்பாவைத் தட்டினார், பாட்டில் வந்தது. பெரியப்பா ஸ்ட்ராவை வாயில் வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார். குடும்பம் மாம்பழ மஞ்சளை வாங்கிக்கொண்டு போனது.

"எப்ப ஜாயின் பண்றீங்க?" என்றார் தாடிக்காரர்.

"ஆடிக்கு முன்னாடி சார்."

அந்த டம்ளர் இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது. இப்போதைய பேட்ச்சில் யாருடைய கேமை வெளியாள் கையில் கொடுத்தாலும், யாராவது ஒருவர் அதில் தண்ணீர் நிரப்பி என் முன்னால் வைத்துவிடுகிறார்கள்.